விமான நிலையச் செயல்பாடும் விமான மீட்புத் தீயணைப்பும்: பயிற்சி பெற விரும்பும் மாணவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்கு 2024 அக்டோபர் 11 அன்று மாலை புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737 விமானம், ஹைட்ராலிக் கோளாறு காரணமாக 141 பேருடன் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வானில் வட்டமடித்து எரிபொருளைக் குறைத்துக்கொண்டு, பின்னர் பத்திரமாகத் தரையிறங்கியது. தொலைக்காட்சிகள் வானத்தைக் காட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், தரையில் முழு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு, தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் காத்திருந்தன. அப்படிக் காத்து நிற்பவர்களுள் ஒருவராக விரும்பும் மாணவர், பள்ளிப் படிப்பை முடிக்கும் காலம் தொடங்கி எதை எந்த வரிசையில் கற்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. வேலைவாய்ப்பு பற்றிய பகுதி தமிழ்நாட்டு மாணவரை மனத்தில் கொண்டது. தொழில்நுட்பப் பகுதி, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகேயோவின் 14ஆம் இணைப்பு வகுத்த விதிகளைத் தழுவியது.

முதல் படி: எந்தப் பணி என்று முடிவு செய்தல்

சென்னை, மதுரை, திருச்சி, கோவை, தூத்துக்குடி, சேலம் ஆகிய ஆறு விமான நிலையங்களையும் இந்திய விமான நிலைய ஆணையம் நடத்துகிறது. அதன் பணியிடங்களில் நம் பொருளுக்கு உரியவை மூன்று. விமான நிலையச் செயல்பாட்டுப் பிரிவின் இளநிலை நிர்வாகி பணிக்குப் பொறியியல் பட்டமோ, அறிவியல் பட்டத்துடன் எம்.பி.ஏ.வோ கேட்கப்படுகிறது. தீயணைப்புப் பிரிவின் இளநிலை நிர்வாகி பணிக்கு ஃபயர், மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் ஆகிய பொறியியல் பிரிவுகளுள் ஒன்றில் பட்டம் தேவை. தீயணைப்பு இளநிலை உதவியாளர் பணிக்குப் பன்னிரண்டாம் வகுப்போ, பத்தாம் வகுப்புக்குப் பின் இதே பிரிவுகளில் மூன்றாண்டு டிப்ளமோவோ போதும். அதன் ஊதிய விகிதம் 31,000 முதல் 92,000 ரூபாய் வரையிலானது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நகரங்களில் பெரும் பதாகைகளுடன் இயங்கும் பல தனியார் நிறுவனங்கள், ஆறு மாதச் சான்றிதழ் ஒன்றைக் காட்டி விமான நிலைய வேலை உறுதி என்று சொல்கின்றன. பயணிகள் சேவை, சரக்கு கையாளுதல் போன்ற தரைச்சேவை நிறுவனப் பணிகளுக்கு அவை ஓரளவு உதவக்கூடும். ஆனால் மேலே சொன்ன ஆணையப் பணிகளுக்கு அந்தச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை. பணிக்குத் தேர்வானவர்களுக்கு ஆணையமே டெல்லியிலும் கொல்கத்தாவிலும் உள்ள தன் தீயணைப்புப் பயிற்சி மையங்களில் அடிப்படைப் பயிற்சி அளிக்கிறது. ஆகவே, முன்கூட்டியே பணம் செலவழித்துப் படிக்க விரும்புவோர், நாக்பூரிலுள்ள தேசியத் தீயணைப்புப் பணிக் கல்லூரி போன்ற அரசு நிறுவனங்களின் படிப்புகளை முதலில் பரிசீலிப்பது நல்லது.

இரண்டாம் படி: ஓட்டுநர் உரிமமும் உடலும்

மாணவர் பலரும் கடைசியில் நினைத்துப் பார்க்கும் ஓட்டுநர் உரிமத்தை முதலில் தொடங்க வேண்டும். தீயணைப்பு இளநிலை உதவியாளருக்கு கனரக வாகன உரிமம் வேண்டும். அது இல்லாமல் இலகுரக அல்லது நடுத்தர வாகன உரிமத்துடன் விண்ணப்பிப்பவர், அந்த உரிமத்தை அறிவிப்புக்குக் குறிப்பிட்ட காலம் முன்பே பெற்றிருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டப்படி, போக்குவரத்து வாகனத்துக்குப் பழகுநர் உரிமம் பெறவே இருபது வயது நிறைந்திருக்க வேண்டும், இலகுரக வாகன உரிமம் ஓராண்டேனும் கையில் இருந்திருக்க வேண்டும். எனவே பதினெட்டு வயது நிறைந்தவுடன் கார் உரிமத்தை எடுத்துவிடுபவர் இருபதில் கனரக உரிமத்துக்குச் செல்லலாம். அறிவிப்பு வந்த பிறகு ஓட்டுநர் பள்ளியைத் தேடுபவருக்குக் காலம் போதாது.

உடல் தகுதியைப் பொறுத்தவரை, அண்மைக்கால அறிவிப்புகளில் ஆண்களுக்குக் குறைந்தபட்சம் 167 செ.மீ. உயரம் கேட்கப்பட்டுள்ளது, பெண்களுக்குத் தனி அளவு உண்டு. ஓட்டம், ஆளைத் தூக்கிச் செல்லுதல், கம்பம் ஏறுதல், கயிறு ஏறுதல், ஏணி ஏறுதல் ஆகியவை சோதனையில் இடம்பெறுகின்றன. ஓட்டத்தைப் பெரும்பாலோர் பழகிவிடுகிறார்கள், கயிற்றில்தான் தவறுகிறார்கள். கைப்பிடி வலுவும் முதுகு வலுவும் ஓரிரு வாரங்களில் வருவன அல்ல என்பதால், எழுத்துத் தேர்வு முடிவு வந்த பின் தொடங்கலாம் என்று காத்திருக்காமல், புல்-அப் கம்பியையும் கயிற்றையும் ஆறு மாதம் முன்பே பழகத் தொடங்குவது உகந்தது.

மூன்றாம் படி: ஓடுபாதையைப் படிக்கக் கற்றல்

தீயணைப்பு வீரராகப் போகிறவரும் செயல்பாட்டு அறிவை முதலில் பெற வேண்டும். ஏனெனில் வழி தெரியாத வண்டியில் எவ்வளவு தண்ணீர் இருந்தும் பயனில்லை. ஓடுபாதையின் எண் அதன் காந்தத் திசையைப் பத்தால் வகுத்துக் கிடைப்பது: சென்னையின் முதன்மை ஓடுபாதையான 07/25 ஒரு முனையிலிருந்து பார்த்தால் ஏறத்தாழ 70 பாகையையும், மறுமுனையிலிருந்து 250 பாகையையும் நோக்குகிறது. ஓடுபாதைக் குறிகள் வெள்ளை; விமானங்கள் ஓடுபாதைக்குச் சென்று திரும்பும் வழியான டாக்ஸிவேயின் குறிகள் மஞ்சள். இரவில் ஓடுபாதை ஓரத்தில் வெள்ளை விளக்கும், டாக்ஸிவே ஓரத்தில் நீல விளக்கும், டாக்ஸிவே நடுக்கோட்டில் பச்சை விளக்கும் எரியும். சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துள்ள பலகை, அனுமதியின்றித் தாண்டக் கூடாத இடத்தைக் குறிக்கும்.

இந்த ஒரு பலகையின் பொருளை எந்த அவசரத்திலும் மறக்கக் கூடாது என்பதற்கு 2022 நவம்பர் 18 அன்று பெரு நாட்டின் லிமா விமான நிலையத்தில் நடந்தது சான்று. வண்டிகள் எத்தனை நிமிடத்தில் சென்று சேர்கின்றன என்று அளக்கும் ஒத்திகைக்காக ஓடுபாதைக்குள் நுழைந்த தீயணைப்பு வண்டியின் மீது, புறப்பட்டுக்கொண்டிருந்த லாத்தம் நிறுவனத்தின் ஏர்பஸ் விமானம் மோதியது. விமானத்தில் இருந்த அனைவரும் பிழைத்தார்கள். வண்டியில் இருந்த தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் தெளிவான அனுமதியைக் கேட்டு, அதை அப்படியே திருப்பிச் சொல்லி, கோபுரம் அதை உறுதிப்படுத்திய பிறகே ஓடுபாதைக்குள் சக்கரம் நுழைய வேண்டும். இதற்காகவே ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று செல்லும் எழுத்துப் பெயர்களையும் வானொலிப் பேச்சு முறையையும் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். மனத்துக்குள் தெரிந்திருப்பது மட்டும் போதாது, சைரன் ஒலிக்கும் வண்டிக்குள் அது நாக்கிலிருந்து வர வேண்டும்.

செயல்பாட்டுப் பிரிவின் அன்றாடப் பணிகளான ஓடுபாதை ஆய்வு, பறவை விரட்டல், விமான நிறுத்துமிட ஒதுக்கீடு, விமானிகளுக்கான நோட்டாம் அறிவிப்புகள் ஆகியவற்றில், மாணவர் நேரில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டியது ஆய்வு. 2000 ஜூலை 25 அன்று பாரிஸில் கான்கார்டு விமானம் எரிந்து விழுந்ததற்கு, வேறொரு விமானத்திலிருந்து ஓடுபாதையில் விழுந்து கிடந்த உலோகப் பட்டை ஒன்றே தொடக்கமாக இருந்தது. 113 பேர் இறந்தார்கள். ஆய்வு வண்டியில் அமர்ந்திருப்பவர் ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பவர் அல்லர் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்: ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அதற்கே உரிய நில அமைப்பு உண்டு. சென்னையின் இரண்டாம் ஓடுபாதை அடையாற்றின் மீது பாலமாகச் செல்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையமே நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. எந்த வாயில் வழியே எந்தச் சாலையில் ஏறலாம், மழைக்காலத்தில் எந்த மண்பரப்பில் கனரக வண்டி புதையும் என்பதை, கட்ட வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பகலிலும் இரவிலும் சுற்றிப் பார்த்தே அறிய முடியும்.

நான்காம் படி: வகை எண்ணும் தண்ணீர்க் கணக்கும்

விமான நிலையத்தின் தீயணைப்புப் பாதுகாப்பு 1 முதல் 10 வரை வகைப்படுத்தப்படுகிறது. அங்கு வரும் விமானத்தின் மொத்த நீளத்தை முதலிலும், உடற்பகுதியின் அகலத்தை அடுத்தும் பார்த்து, அகலம் அந்த வகைக்கு உரிய அளவைத் தாண்டினால் ஒரு வகை உயர்த்துவார்கள். ஐந்தாம் வகை 24 மீட்டர் முதல் 28 மீட்டருக்குள்ளும், ஆறாம் வகை 28 முதல் 39க்குள்ளும், ஏழாம் வகை 39 முதல் 49க்குள்ளும், எட்டாம் வகை 49 முதல் 61க்குள்ளும், ஒன்பதாம் வகை 61 முதல் 76க்குள்ளும் அமையும். சேலம் போன்ற சிறு நிலையங்களுக்கு வரும் ஏடிஆர் 72 ஏறத்தாழ 27 மீட்டர் நீளம் கொண்டது; ஐந்தாம் வகை. 37.57 மீட்டர் நீளமுள்ள ஏர்பஸ் ஏ320 ஆறாம் வகை. அதனோடு போட்டி போட்டுப் பறக்கும் போயிங் 737-800 சுமார் 39.5 மீட்டர் என்பதால் ஏழாம் வகை. பயணிக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். தீயணைப்பு நிலையத்துக்கு அப்படியில்லை. ஏ380 நீளத்தால் ஒன்பதாம் வகையில் விழுந்தாலும், அகலம் 7 மீட்டரைத் தாண்டுவதால் பத்தாம் வகைக்கு ஏறிவிடுகிறது.

இந்த எண் தெரிந்தவுடன் மற்றவை வரிசையாக வருகின்றன. பி தர நுரையை (ஐகேயோ வகுத்த திறன் தரங்களுள் ஒன்று) பயன்படுத்தும் ஆறாம் வகை நிலையத்தில் 7,900 லிட்டர் தண்ணீரும், ஏழாம் வகையில் 12,100 லிட்டரும், ஒன்பதாம் வகையில் 24,300 லிட்டரும் வண்டிகளில் ஏற்றித் தயாராக இருக்க வேண்டும். ஐந்தாம் வகை வரை ஒரு வண்டியும், ஆறு, ஏழில் இரண்டும், எட்டு முதல் பத்து வரை மூன்றும் குறைந்தபட்சத் தேவை. ஆறு, ஏழு வகைகளில் 225 கிலோ உலர் ரசாயனத் தூளும் உடன் வேண்டும்.

பாடநூலில் இந்த அட்டவணையை மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துபோகிறவர்கள், அதில் புதைந்திருக்கும் முக்கியமான செய்தியைத் தவறவிடுகிறார்கள். ஏழாம் வகைக்கு உரிய வெளியேற்ற வேகம் நிமிடத்துக்கு 5,300 லிட்டர். 12,100ஐ 5,300ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2 நிமிடம் 17 விநாடி கிடைக்கிறது. அதாவது, வண்டிக் கூரையிலுள்ள மானிட்டரை, அதாவது நுரை பீய்ச்சும் குழலை, முழு வேகத்தில் திறந்து விட்டுக்கொண்டே இருந்தால், இரண்டரை நிமிடத்துக்குள் நிலையத்தின் மொத்த நீரும் தீர்ந்துவிடும். ஆறாம் வகையில் இரண்டு நிமிடம்கூட முழுதாக நிற்காது. விதி வகுத்தவர்கள் விமானம் முழுவதும் அணையும் வரை ஊற்றத் தண்ணீர் தரவில்லை. விமான உடலை ஒட்டிய அபாயப் பரப்பில் தீயின் கடுமையை ஒரு நிமிடத்துக்குள் 90 விழுக்காடு குறைக்கவும், பயணிகள் வெளியேறும் வரை அந்நிலையைக் காக்கவும் மட்டுமே தந்திருக்கிறார்கள். ஆகவே மானிட்டர் இயக்குபவர் முதலில் கற்க வேண்டியது, எப்போது மூடுவது என்பதை. சிறு சிறு வீச்சுகளாக நுரையை விட்டு, விளைவைப் பார்த்து, மீண்டும் விடும் பழக்கம் தண்ணீர்ப் பயிற்சியிலேயே கைக்கு வந்துவிட வேண்டும்.

ஐந்தாம் படி: மூன்று நிமிடத்தைப் பிரித்துப் பார்த்தல்

நல்ல பார்வைத்தெளிவும் உலர்ந்த தரையும் உள்ள நிலையில், இயங்கும் ஓடுபாதையின் எந்தப் புள்ளிக்கும் மூன்று நிமிடத்துக்குள் சென்றாக வேண்டும் என்பது விதி. இரண்டு நிமிடத்துக்குள் என்பது பரிந்துரை. முதல் அழைப்பு வந்த நொடியிலிருந்து, முதல் வண்டி உரிய இடத்தில் நின்று, வகுத்த வெளியேற்ற வேகத்தில் பாதியளவிலேனும் நுரையைப் பீய்ச்சும் நிலையை அடையும் வரை உள்ள நேரமே இது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அழைப்பு மணி அடித்து, உடை அணிந்து, வண்டி வாசலைத் தாண்ட 40 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், மீதி 140 விநாடி. போக வேண்டிய தூரம் 2 கி.மீ. என்றால், திருப்பங்களையும் சேர்த்து மணிக்கு ஏறத்தாழ 51 கி.மீ. சராசரி வேகம் வேண்டும். பல டன் தண்ணீரைச் சுமந்த வண்டி திருப்பத்தில் வேகமெடுத்தால், தொட்டிக்குள் அலையும் நீரே அதைக் கவிழ்க்கப் பார்க்கும். எனவே நேரத்தைச் சாலையில் மிச்சம் பிடிக்க முயல்வதைவிட நிலையத்துக்குள்ளேயே மிச்சம் பிடிப்பது அறிவுடைமை: பூட்ஸைக் காற்சட்டையின் கால்களுக்குள்ளேயே பொருத்தி நிற்கவைத்தல், கோட்டையும் தலைக்கவசத்தையும் ஒரே இடத்தில் ஒரே திசையில் வைத்தல், பணிமாற்றத்தின்போது வண்டியின் நீர், நுரை, காற்றழுத்தம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சரிபார்த்தல். பார்ப்பதற்கு அலுப்பூட்டும் இந்தப் பழக்கங்களில்தான் விநாடிகள் இருக்கின்றன.

ஆறாம் படி: விமானத்தைக் கையால் அறிதல்

விமானத்தை வரைபடத்தில் மட்டும் பார்த்தவர் புகைக்குள் கதவைத் தேடித் தடுமாறுவார். பணிமனையில் நிற்கும் விமானத்தின் அருகே செல்ல வாய்ப்புக் கிடைக்கும்போது, கதவுகள் எந்தப் பக்கம் திறக்கின்றன, இறக்கை மேலுள்ள அவசர வழிகள் எங்கே, எரிபொருள் தொட்டிகளும் ஆக்சிஜன் உருளைகளும் மின்கலங்களும் எங்கே, வெட்டித் திறக்க வேண்டி வந்தால் உடலில் மூலைக்குறிகளால் காட்டப்பட்ட இடம் எது என்பவற்றைக் குறிப்பேட்டில் தானே வரைந்துகொள்ள வேண்டும். பயணிகள் இறங்குவதற்கான அவசரச் சறுக்கு இயங்கும் நிலையில் உள்ள கதவை வெளியிலிருந்து அறியாமல் திறப்பவர் மீது, விரியும் சறுக்கு மோதி உயிரைப் பறிக்கும் அளவுக்குக் காயப்படுத்தலாம்.

சூடேறிய பிரேக்கும் சக்கரமும் தனிப் பாடம். சக்கரத்தை முன்புறமாகவோ பின்புறமாகவோ அணுக வேண்டும், அச்சு நீளும் பக்கவாட்டில் ஒருபோதும் நிற்கக் கூடாது; விளிம்பு வெடித்தால் துண்டுகள் அந்தத் திசையில்தான் பறக்கும். விமானம் நின்ற பிறகும் வெப்பம் சிறிது நேரம் ஏறிக்கொண்டே செல்வதால், புகை குறைவாக இருப்பதைக் கண்டு ஏமாறுவது புதியவர்களின் வழக்கம்.

ஏழாம் படி: தீயின் முன்னே

விமானங்களில் பயன்படும் ஜெட் ஏ-1 எரிபொருளின் தீப்பற்று வெப்பநிலை (அதன் ஆவி ஒரு பொறி பட்டால் பற்றக்கூடிய வெப்பநிலை) 38 பாகை செல்சியஸுக்குக் குறையாதது. சித்திரை வெயிலில் கொதிக்கும் ஓடுபாதையின் மேற்பரப்பு இதை எளிதில் தாண்டும் என்பதால், சிந்திய எரிபொருள் பற்றாமல் இருந்தாலும் உடனே நுரைப் போர்வையால் மூடுவது நம் ஊர் நிலையங்களில் கட்டாயமாகிறது.

அணுகுமுறையைத் தீர்மானிப்பது காற்று. 1985 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டரில், புறப்பாட்டைக் கைவிட்டு நின்ற போயிங் 737 ஒன்றின் இடப்பக்க எஞ்சின் தீயை மெல்லிய காற்றே உடற்பகுதியின் மேல் தள்ளியது. 55 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் புகையாலும் நச்சு வாயுக்களாலும். விமானத்தின் அலுமினியத் தோல் எரிபொருள் தீயை ஏறத்தாழ ஒரு நிமிடமே தாங்கும். எனவே காற்று வரும் திசையிலிருந்து அணுகி, முதல் நுரையை உடற்பகுதியின் மீதும் பயணிகள் இறங்கும் வழியின் மீதும் செலுத்தி, அங்கிருந்து தீயை வெளிப்புறமாகத் தள்ள வேண்டும். எரியும் எஞ்சின் கண்ணைக் கவரும்; முதலில் அதன் மேல் பாய்வது பயிற்சியில்லாதவரின் இயல்பு.

நுரை மறைக்கும் பொருளும் கூட. 2013 ஜூலை 6 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏசியானா விமானம் விபத்துக்குள்ளானபோது, தரையில் நுரையால் மூடப்பட்டுக் கிடந்த பதினாறு வயது மாணவி ஒருவர் மீது தீயணைப்பு வண்டிகள் ஏறின. அதனால், நுரை படர்ந்த பரப்பில் வண்டியை நகர்த்தும் முன் ஒருவர் இறங்கி முன்னால் நடந்து வழிகாட்டுவதைக் களப்பயிற்சியின் ஒவ்வொரு சுற்றிலும் செய்தே பழக வேண்டும்.

உள்ளே நுழைவதற்கு பி.ஏ. செட் எனப்படும் சுவாசக் கருவி வேண்டும். முகமூடியை அணிந்ததும் காற்றுக்குழாய் பொருந்தும் இடத்தை உள்ளங்கையால் மூடி மூச்சை இழுத்தால், முகமூடி முகத்தோடு ஒட்டி அப்படியே நிற்க வேண்டும். மெல்லிய சீறல் கேட்டாலும் பட்டையைச் சரிசெய்யாமல் நகரக் கூடாது. மீசை இருக்கலாம், தாடி கூடாது. முகமூடியின் விளிம்பு தாடையில்தான் அமர்கிறது. 6 லிட்டர் உருளையில் 300 பார் அழுத்தம் இருந்தால் 1,800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று கொண்டால் 45 நிமிடம் வரும். ஆனால் சுமார் 55 பாரில் எச்சரிக்கை விசில் ஊதும்போது வெளியே இருக்க வேண்டும் என்பதால், கையில் உள்ளது 36 நிமிடத்துக்கு மேல் இல்லை. கடும் வேலையில் மூச்சு வாங்கும்போது அதுவும் வெகுவாகக் குறையும். ஒவ்வொரு மாணவரும் தன் சொந்தச் செலவு வீதத்தை அளந்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அது ஆளுக்கு ஆள் மாறும்.

எட்டாம் படி: நெருக்கடித் திட்டத்தில் தன் இடம்

இந்திய விமான நிலையங்களில் கோளாறுடன் வரும் விமானத்துக்கு, ஆபத்தின் அளவைப் பொறுத்து உள்ளூர் ஆயத்த நிலையோ முழு நெருக்கடி நிலையோ அறிவிக்கப்படும். விபத்து நிகழ்ந்தால் அதற்கெனத் தனி அழைப்பு உண்டு. ஒவ்வொன்றிலும் வண்டிகள் எங்கே நிற்கும், வெளியிலிருந்து வரும் தீயணைப்புத் துறையினரும் ஆம்புலன்ஸ்களும் எந்த இடத்தில் கூடுவார்கள், அவர்களை யார் உள்ளே அழைத்துச் செல்வார்கள் என்பதைச் செயல்பாட்டுப் பிரிவு வகுக்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையேனும் முழு அளவிலான ஒத்திகையும், இடைப்பட்ட ஆண்டில் பகுதி ஒத்திகையும் நடத்த வேண்டும். கல்லூரி மாணவர்கள் காயமடைந்தவர்களாக நடிக்க அழைக்கப்படும் வாய்ப்புக் கிட்டினால் தயங்காமல் போகலாம். தூக்கிச் செல்லப்படுபவருக்குத் தெரிவது தூக்குபவருக்குத் தெரிவதில்லை.

காயமடைந்தவர்களைப் பிரிப்பதில் உடனடிச் சிகிச்சைக்குச் சிவப்பு, சற்றுத் தாமதிக்கலாம் என்றால் மஞ்சள், சிறு காயத்துக்குப் பச்சை, இறந்தவருக்குக் கறுப்பு அட்டை கட்டப்படும். உரக்க அலறுபவரிடம் முதலில் ஓடும் மனத்தை அடக்கி, அசைவின்றிக் கிடப்பவரின் மூச்சை முதலில் பார்க்கும் பழக்கத்தை ஒத்திகையில்தான் வளர்த்துக்கொள்ள முடியும்.

ஒத்திகை முடிந்ததும் நடக்கும் ஆய்வுக் கூட்டத்தில் மாணவர் கேட்க வேண்டியவை நேரங்கள்: மணி எப்போது அடித்தது, முதல் வண்டி எப்போது வாசலைத் தாண்டியது, கோபுரத்தின் அனுமதி எப்போது கிடைத்தது, முதல் நுரை எப்போது விழுந்தது, அப்போது காற்று எந்தத் திசையில் இருந்தது, முதல் மானிட்டர் மூடப்பட்டபோது தொட்டியில் எவ்வளவு நீர் மிஞ்சியது. இவற்றைத் தேதியுடன் ஒரே குறிப்பேட்டில் எழுதி வந்தால், அடுத்த ஒத்திகைக்கு முன்பு எந்த இடத்தைத் திருத்த வேண்டும் என்பதைப் பயிற்றுநர் சொல்லுமுன்பே அது காட்டிவிடும்.